என் நாவலில் போர் தொடங்கிய விதம்

2023 ஜூலை 12, புதன்கிழமை, காலை 11.10. காந்திபுரத்தில் தூறல். குடையை விரித்தால் காற்று பிடுங்கியது, மடக்கினால் நனைந்தது. டி.டி.பி. கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, என் நாவலைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்த பெண் 140ஆம் பக்கத்தோடு கையெழுத்துப் பிரதியை மூடி வைத்திருந்தார்.

"மேல அடிக்க முடியலீங்க சார்" என்றார்.

கையெழுத்து புரியவில்லையோ என்று பயந்தேன்.

"எழுத்து முத்தாட்டம் இருக்குதுங்க. போர்தான் வர மாட்டேங்குது. மொதப் பக்கத்துலயே போர் மேகம் சூழ்ந்துச்சுன்னு போட்டிருக்கறீங்க. நூத்திநாப்பது பக்கமா சூழ்ந்துக்கிட்டே இருக்குதுங்க."

நாவல் இரண்டு ராஜாக்களைப் பற்றியது. மலைநாட்டு ராஜாவுக்கு ஒரு கோட்டையும் நானூறு யானையும். ஆற்றுநாட்டு ராஜாவுக்குக் குதிரைப்படையும் ஒரு மந்திரவாதியும். மந்திரவாதிக்கு மொத்தம் ஏழு மந்திரம்தான். ஏழும் தீர்ந்தால் அவனும் நம்மைப் போல. மில் ஸ்டோர்ஸில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். எதையும் அளவில்லாமல் எடுத்துக் கொடுக்க மனம் வராது.

ஓய்வு பெற்றபின் ஆறு வருட உழைப்பு அது. என் மனைவி தடிமனைப் பார்த்து "நல்லா இருக்குதுங்க" என்றதோடு சரி. உண்மையில் படித்த முதல் ஆள் இந்தப் பெண். கூலிக்குப் படிக்கிறவரே பாதியில் மூடினால், காசு கொடுத்து வாங்கி யார் படிப்பார்?

"மந்திரவாதி கோட்டையக் கொளுத்த வந்துபோட்டு, 'மேல நிக்கறவங்க கொஞ்சம் எறங்கிக்கறீங்களா'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறானுங்க."

"வயசானவங்க நிக்கறாங்களேம்மா."

"எதிரியோட தூதன் வந்தா மலைநாட்டு ராஜா மோர் குடுக்கறாரு."

"வெயில்ல வந்திருக்கான்."

"அப்புறம் எப்படிங்க சார் வெட்டிக்குவாங்க?"

பெரியநாயக்கன்பாளையம் வீட்டுக்குத் திரும்பி எண்ணினேன். எதிரிகள் ஒருவரையொருவர் நலம் விசாரித்த இடம் முப்பத்தொன்று. அத்தனையையும் கோடு போட்டு அடித்துவிட்டு, தூதனை ராஜா வாய்க்கு வந்தபடி வைவதாக எழுதி மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"இதாருங்க, நம்ம ராஜாவா? பெத்தவங்க ஒண்ணும் சொல்லித் தரலீங்களா?" என்றார்.

அடித்ததையெல்லாம் மறுபடி எழுதினேன். ஐந்து வாரம் சரியான தூக்கமில்லை. சர்க்கரை ஏறியது.

ஆவணி பிறந்ததும் அவிநாசியில் ஒரு கல்யாணம், மனைவி வழிச் சொந்தம். கல்யாணப் பெண்ணின் அப்பா மண்டப வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் கைகூப்பி "வாங்க, வாங்க" என்று வரவேற்றுக்கொண்டிருந்தார். எங்களுக்கும் சொன்னார். எங்களுக்குப் பின்னால் அவருடைய பங்காளி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். இருவருக்கும் கிணற்றுத் தண்ணீர் விஷயமாக மனத்தாங்கல். பெண்ணின் அப்பா பங்காளியின் மனைவிக்கு "வாங்க" சொன்னார். மகனுக்குச் சொன்னார். மருமகளுக்குச் சொன்னார். அவள் இடுப்பிலிருந்த குழந்தையிடம் "வா கண்ணு" என்றார். பங்காளியின் முறை வந்தபோது மின்விசிறியைப் பார்த்தார்.

யாரும் சத்தம் போடவில்லை. பங்காளி திரும்பி நடந்தார். அவரோடு வந்த பதினாலு பேரும் திரும்பினார்கள். வேன் போய்விட்டது.

"அவ்வளவுதானுங்க. இனி சாவுக்குக்கூடப் போக மாட்டாங்க" என்றார் மனைவி.

பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

மறுநாள் எழுதினேன். ஆற்றுநாட்டு ராஜா சமாதானம் பேச மலைக்கோட்டைக்கு வருகிறார். மலைநாட்டு ராஜா வாசலில் நின்று மந்திரிகளுக்கு வாங்க சொல்கிறார். தளபதிக்குச் சொல்கிறார். குடை பிடிப்பவனுக்குச் சொல்கிறார். குதிரையின் நெற்றியைத் தடவி அதற்கும் சொல்கிறார். பிறகு வானத்தைப் பார்க்கிறார். அடுத்த பக்கத்தில் முரசு.

எழுதிய கையோடு கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். டி.டி.பி. பெண் மத்தியானம் போனில் கூப்பிட்டார். "சார், குதிரைக்குச் சொல்லிப்போட்டு மனுசனுக்குச் சொல்லலீங்களே! உடாதீங்க. அந்தக் கோட்டையில ஒரு கல்லு நிக்கக் கூடாதுங்க!"

நிற்கவில்லை. ஐந்து மந்திரம் செலவானது. மீதிக் கதையை மாற்றி எழுதிக் கொடுக்கக் கொடுக்க, மற்ற வேலைகளைத் தள்ளி வைத்து அடித்தார். 407ஆம் பக்கத்தில் மறுபடி நிறுத்தினார்.

"ரெண்டு பக்கமும் சேர்த்து ஒம்பதாயிரத்து நானூறு பேர் செத்தாங்கன்னு எழுதி, கோடு போட்டு முடிச்சுப்போட்டீங்க."

"போர் கேட்டது நீங்கதானேம்மா."

"கேட்டனுங்க. வந்துருச்சுங்களே. ரெண்டு ராஜாவும் இன்னும் உசுரோடதான இருக்கறாங்க? பேசிக்காமயே முடிச்சா எப்படிங்க? நான் முற்றும்னு அடிக்க மாட்டனுங்க."

"பேச வைக்கிற மந்திரம் அந்த ஏழுல இல்லைம்மா."

"அதுக்கெல்லாம் மந்திரம் எதுக்குங்க சார்?"

ஒன்பது நாள் பிடித்தது. வாசலில் நின்று கூப்பிட மலைநாட்டு ராஜாவுக்கு வாசலே மிச்சமில்லை. பாதையில் இறங்கி வந்தார். பத்து பக்கம் இருவரும் எதிரெதிரே நின்றுகொண்டே இருந்தார்கள். பதினோராம் பக்கத்தில் மலைநாட்டு ராஜா வாயைத் திறந்தார்.

அன்று சாயங்காலமே அடித்து முடித்து, முற்றும் போட்டு, பில்லை நீட்டினார். கடைசிப் பதினோரு பக்கம் உங்களுக்காகத்தானேம்மா எழுதினேன் என்றேன்.

"ஆமாங்க சார், ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார். அதையும் கூட்டித்தான் போட்டிருந்தார். 418 பக்கம், பக்கத்துக்கு நாற்பது. பதினாறாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.