மாதாவுக்கு நேர்ந்த நீலப் பூ

கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு வருஷக்கணக்காகச் சமைத்துப் போட்ட ஞானமணி, அவர்கள் கப்பலேறிய 1949-இல் ஆவூருக்குத் திரும்பினாள். டிரங்குப் பெட்டிக்குள், ஈரச் சாக்கில் சுற்றிய கிழங்கு ஒன்று இருந்தது. அதன் பெயர் அகபாந்தஸ் என்று துரைசானி சொல்லிக்கொடுத்திருந்தாள். நீண்ட தண்டின் உச்சியில் மத்தாப்புப் போல விரியும் பூ. மாதாவின் மேலங்கி நிறம்.

இதை மனத்தோடு வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஊருக்கு வந்த புதிதில் ஞானமணியின் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த மலைக் குளிர், அந்த மலைப் பூ என்று கிணற்றடியில் அவள் அளக்க அளக்க, பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பரலோக மாதா திருநாளுக்குச் சப்பரத்தில் வைக்கும் நீலப் பூ தன் வீட்டிலிருந்துதான் வரும் என்று எல்லார் முன்னாலும் நேர்ந்துகொண்டாள்.

செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து, கிழங்கின் தலை லேசாக வெளியே தெரியும்படி தொட்டியில் நட்டாள். காலை வெயில் மட்டும் படும் இடமாகப் பார்த்து வைத்தாள். இலைகள் தளதளவென்று நீண்டு வளைந்தன. பூ மட்டும் வரவில்லை. வேருக்கு இடம் போதவில்லையோ என்று ஒவ்வொரு தையிலும் தோண்டிப் பிரித்துப் பெரிய தொட்டிக்கு மாற்றினாள். மறுபடியும் இலைதான்.

அவள் கணவன் அடைக்கலத்தின் தங்கை சவேரியாயி அடுத்த வீட்டில் இருந்தாள்.

"மதினி, வெங்காயத்தாள் நல்லா வந்திருக்கே. கொழம்புக்குக் கொஞ்சம் அறுத்துக்கிறவா?" என்பாள்.

மூன்றாம் வருஷத் திருநாளுக்கு முதல் நாள் கோயிலிலிருந்து ஆள் வந்து பூவைக் கேட்டது. இல்லை என்று சொல்ல ஞானமணிக்கு நாக்கு எழவில்லை. வேட்டிக்குப் போடும் சலவை நீலத்தைச் சட்டியில் கெட்டியாகக் கரைத்தாள். வெள்ளைச் சம்பங்கிகளை அதில் முக்கி, முறத்தில் உலர்த்தி, ஒரு குச்சியின் நுனியில் கொத்தாகக் கட்டினாள்.

சப்பரத்தில் மாதாவின் இடுப்போரமாக அது நின்றபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. கிணற்றடியில் சிரித்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சவேரியாயிக்குக் கண் கலங்கிவிட்டது. மாதா உடுத்தியிருந்த வெள்ளைப் பட்டுக்குப் பூவேலை செய்தவள் அவள்தான். பக்திப் பெருக்கில் பன்னீர்ச் செம்பை வாங்கி, பூவின் மேல் தாராளமாகத் தெளித்தாள்.

நீலம் இறங்கியது. பட்டின் ஓரம்வரை கோடு கோடாக வழிந்தது. யாரும் ஏசவில்லை. பாட்டு மட்டும் ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது. ஏசியிருந்தால் தேவலை என்று ஞானமணிக்கு இருந்தது. மறுநாள் அந்தப் பட்டைக் கேட்டு வாங்கிவந்து, எலுமிச்சையும் உப்பும் போட்டுக் கை நோகக் கசக்கினாள். ஒரு மங்கல் போகவே இல்லை.

அன்றைக்குத் தொட்டியை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தள்ளியவள்தான். உரமில்லை, மாற்றி நடுவதில்லை, நினைத்தால் கழுநீர். பூசையில் கடைசி வரிசைக்குப் போனாள். கிணற்றடிக்கு ஆளில்லாத நேரம் பார்த்துப் போனாள். அவள் தொடாமல் விட்ட அந்த வருஷங்களில் வேர் தொட்டிக்குள் நெருங்கி நெருங்கி மண்ணோட்டையே வெடிக்க வைத்தது. ஓர் ஆடியில், வெடித்த தொட்டியிலிருந்து ஒரு தண்டு எழும்பி நீலமாகப் பூத்தது.

ஞானமணி அதன் மேல் கூடையைக் கவிழ்த்தாள்.

கோழியைத் தேடி வந்த சவேரியாயி கூடையைத் தூக்கிவிட்டாள். விரலை எச்சிலில் நனைத்து இதழைத் தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"நாளைக்குத் திருநா. கோயிலுக்குக் கொண்டாங்க மதினி."

"வேணாம். இப்ப நீ பாத்தமாதிரி ஊரே தேச்சுப் பாக்கும்."

சவேரியாயிக்கு முகம் சுருங்கிப்போனது. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நீங்க தூக்கிட்டு வாங்க. தண்ணிய நா ஊத்துறேன்" என்றாள்.

ஊற்றினாள், மறுநாள் சப்பரத்தில், எல்லார் முன்னாலும், செம்பு காலியாகும்வரை. தெளிந்த நீர்தான் சொட்டியது. ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஞானமணியால் நிமிர முடியவில்லை. மாதாவுக்கு அதே வெள்ளைப் பட்டுதான் உடுத்தியிருந்தார்கள். கீழோரத்தை யாரோ நுணுக்கமாக உள்ளே மடித்துத் தைத்திருந்தார்கள். பட்டு நனைய நனைய, மடிப்புக்குள்ளிருந்து அந்த மங்கல் தெரிந்தது.

தையல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.