பொட்டு வைத்த வரைபடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுச் சாமி மேடையில் முருகனுக்குப் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. இலங்கையின் வடக்கும் கிழக்கும் மட்டும். தனிநாடு கேட்ட போரில் செத்தவர்கள் நினைவாகக் கோயில் திருவிழாவில் கொடுத்த காலண்டர் அது. வருடம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை எல்லாப் படத்துக்கும் பொட்டு வைக்கும் என் மனைவி அதற்கும் வைத்துவிட்டாள். நான் கடல் தாண்டி இந்த மலைத் தோட்டத்துக்குப் பிழைக்க வந்த சேலத்துக்காரர்களின் பேரன். இலங்கை மண்ணை மிதித்ததேயில்லை. ஆனாலும் வருடாவருடம் நவம்பரில், போரில் செத்தவர்களை நினைக்கும் நாளில், அவர்களுக்கு விளக்கேற்றுவேன். ஏன் என்று சத்தியமாகத் தெரியாது.

மகள் அரசாங்க ஆசிரியர் கல்லூரிக்கு மனுப் போட்டிருந்த நேரம். அந்தப் போரை நடத்திய, இங்கேயும் தடைசெய்யப்பட்ட இயக்கத்தை ஆதரித்ததாகச் சிலரைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கைப்பேசியில் இயக்கத்தின் படம் வைத்திருந்ததும் ஒரு காரணமாம். மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் அதை எடுங்கள் என்றாள். எடுத்துவிட்டேன், எங்கே போடுவது? பூசை கண்ட படத்தைக் குப்பையில் போடக்கூடாது, ஓடும் தண்ணீரில்தான் விடவேண்டும். பையில் சுற்றி ஆற்றுக்குப் போனேன். அங்கே கொழுந்து வெட்டும் ஆட்கள் நின்றார்கள். திருடனைப்போலத் திரும்பிவந்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

ரிங்லெட் டவுன் சாப்பாட்டுக் கடையில் பழக்கமான ஒரு வக்கீலிடம் கேட்டேன். போர்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன குற்றம்? இயக்கம் தடைப் பட்டியலில் இருக்கும்வரை சட்டத்துக்கு அது முடியவில்லை என்றார். அரசியல்வாதிகள் மேடையேறி அவர்களுக்காக அழுதார்களே என்றேன். அது ஓட்டுக்கு என்றார். நான் விளக்கேற்றுவதைச் சொன்னேன்.

"வெளக்கு ஏத்துறது குத்தமில்ல லா. யாருக்கு ஏத்துனீங்கன்னுதான் கேப்பாங்க."

"செத்தவங்களுக்கு."

"எந்தச் செத்தவங்களுக்கு?"

பிள்ளைகளும் செத்தார்கள், துப்பாக்கி பிடித்தவர்களும் செத்தார்கள். நான் பிரித்துப் பார்த்து ஏற்றவில்லையே.

நேர்முகத்துக்கு முன் மகளுக்கு நிரப்பிக்கொடுக்க ஒரு பாரம் வந்தது. குடும்பத்தில் யாருக்காவது தடைசெய்யப்பட்ட இயக்கத்தோடு தொடர்பு உண்டா என்று ஒரு கேள்வி. பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ப்பா, ஆமான்னு எழுதவா, இல்லன்னு எழுதவா?"

படித்த பெண் என்னைக் கேட்கிறாள். வக்கீல் கேட்டபோதே சொல்லத் தெரியாததை இவளுக்கு எப்படிச் சொல்வேன்? "இல்லன்னு போடு" என்றேன். அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்குச் சந்தோஷம்தான், அதில் பொய்யில்லை.

அந்த நவம்பரில் மனைவி வழக்கம்போல விளக்கில் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள். நான் ஏற்றவில்லை. பயமா, வெட்கமா, இன்றும் புரியவில்லை. அவர்களை எனக்குத் தெரியாது என்று எழுதிக்கொடுக்கச் சொன்னவன் நான்.