அரண்மனைத் தோட்டத்துக் காவலாளி

2024 ஓகஸ்ட் 17, சனிக்கிழமை, பிற்பகல் நாலேகால். மட்டக்களப்பிலிருந்து ஒருநாள் சுற்றுலாவாக வந்திருந்த நானும் என் தோழியும் பொலன்னறுவை அரண்மனைத் தோட்டத்துக் குளத்தின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். மேலே நின்ற காவலாளி மெலிந்தவர். ஒரு கண்ணில் வெண்படலம். அடிக்கடி ஒரு பிடி மண்ணை அள்ளி மெல்ல உதிரவிட்டு, அது பறக்கும் திசையைப் பார்த்தார்.

“என்ன பாக்கிறீங்க ஐயா?”

“காத்து எங்கால போகுதெண்டு பாக்கிறன் புள்ள. மதிலுக்கு அங்கால ஒத்தை யானை நிக்கிறான். நம்மட வாசம் அவனுக்குப் போகப்படா.”

“ராசா ஊட்டுக்குத் திரும்பி வந்திட்டாராக்கும்,” என்று தோழி சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த பிடி மண் திசைமாறி மதிலை நோக்கிப் பறந்தது.

“காத்து கிறுகிற்று. வாசலுக்கு நடங்க. ஓடப்படா.”

வாசல்வரை எங்களை விட்டுவிட்டு, இடிந்த சுவர்களிடையே படமெடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை அழைத்துவர அவர் திரும்பி நடந்தார். சற்று நேரத்தில் அந்தக் குடும்பம் மட்டும் வந்தது. உள்ளே எங்கோ ஒரு மரம் முறியும் ஓசை கேட்டது. எங்கள் வான் வண்டி புறப்படும்வரை அவர் வரவில்லை.

மறுநாள் காலை அங்குள்ள அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, அவர் வீடு திரும்பினாரா என்று விசாரித்தேன்.

“எந்தக் காவலாளி? பேர் என்ன?” என்று கேட்டார்கள்.

நான் அதைக் கேட்டிருக்கவில்லை.