டக் டக்கென்று தட்டிய பைக்

மாட்டுங்காவில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் கொடுப்பது என் வேலை. வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் நேரத்துக்குப் போயாக வேண்டும். அதற்காகவே கணவரின் பழைய பைக்கை நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் இஞ்சின் டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தது. தாராவியில் எங்கள் சந்து முனை மெக்கானிக் கேட்டுவிட்டு, "இஞ்சின் கோல்னா படேகா" என்றார். இஞ்சினைப் பிரித்துப்போட்டால் ஒரு வாரமாவது வண்டி கிடைக்காது.

எனக்கு டேப்பெட்மேல்தான் சந்தேகம். வால்வுக்கும் அதை அமுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளி அதிகமானால் இப்படித்தான் தட்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஞாயிறு காலை, இஞ்சின் ஆறியிருந்தபோது, வாசலிலேயே மூடியைக் கழற்றினேன். கணவர் டார்ச் பிடித்தார். இஞ்சினைக் கையால் சுற்றி, வீடியோவில் காட்டிய குறியை நேராக நிறுத்தி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தேன். நுழையவில்லை. நுழையும்வரை ஸ்க்ரூவைத் தளர்த்தி, மூடியைப் பூட்டி, கிக்கரை உதைத்தேன்.

தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கியதுபோல் சத்தம். உடனே அணைத்துவிட்டேன்.

"முன்னவிட மோசமால்லா கேக்கு" என்றார் அவர். "வேண்டாம்னு அப்பமே சொன்னம்லா."

இருந்த வண்டியையும் கெடுத்துவிட்டேன், நாளைக்கு எப்படிப் போவது என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இடைவெளி அதிகமென்றால் தகடு ஏன் நுழையவில்லை?

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்தக் குறி இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை வரும். ஒரு முறை வால்வு அமுங்கியிருக்கும், அப்போது அளக்கக் கூடாது. நான் அளந்தது அப்போதுதான்.

"ஏங்க, இன்னும் ஒரு சுத்து சுத்தியிருக்கணும். அவ்வளவுதான்."

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியும். டார்ச்சப் பிடிங்க."

இந்த முறை இரண்டு டேப்பெட்டும் விரலுக்கே ஆடின. தகடு லேசாக உரசி வரும் அளவுக்கு இறுக்கினேன். கிக்கரை உதைக்கப் பயந்து அவரை உதைக்கச் சொன்னேன்.

இஞ்சின் ஒரே சீராக ஓடியது. தட்டும் சத்தமே இல்லை. அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். என் சுடிதாரில் கிரீஸ் அப்பிக்கொண்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்போதுதான் இருவரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.