மண்ணெண்ணெய் அல்ல, குடைக்கம்பி

சவரிமுத்து இறந்ததும் புதைத்ததும் எனக்குத் தெரியாது. லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றிருந்த பழைய சக அதிகாரி ஒருவர்தான், "உம்ம மெக்கானிக் போயிட்டானாமே, ஓய்" என்றார். 'போயிட்டாராமே' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிளையும் ஓடவைத்தவர் சவரிமுத்துதான்.

மந்தைவெளியில் அவருடைய பட்டறைக் கொட்டகைக்கு வண்டி கொண்டுபோன உங்களுக்கு அவர் முறை நினைவிருக்கும். இஞ்சின் தடுமாறினால் முதலில் ஸ்பானரைத் தொடமாட்டார். தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கேட்பார். பிறகு, "ஒரு சொம்பு தண்ணி குடு, நைனா" என்பார். குடிப்பதற்கு அல்ல.

யுத்த காலத்தில் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரான எனக்குச் சுற்றுப்பயணத்துக்காக இலாகா கொடுத்த இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் திக்கித் திக்கி ஓடியது. நான் பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவதாக என் மேலதிகாரி முடிவுகட்டினார். மெக்கானிக் ஒருவன் எழுதிக் கொடுத்தால் போதும், என் வேலை போய்விடும். தியாகராய நகரில் தம் பங்களாவுக்கே சவரிமுத்துவை வரவழைத்தார்.

சவரிமுத்து இஞ்சினை ஓடவிட்டு, இரண்டு புகைக்குழாய்களிலும் தண்ணீர் தெளித்தார். ஒன்று சுறீரென்றது. சூடேறாத மற்றதில் தண்ணீர் சும்மா வழிந்தது.

"கிருஷ்ணாயில் ஊத்தினா ரெண்டும் இருமும், தொர. டாங்கி ஒண்ணுதானே கீது? இங்க ஒண்ணு வேல செய்யுது, ஒண்ணு தூங்குது."

தூங்கிய சிலிண்டரின் பிளக் ஒயரைத் தடவிக்கொண்டே போனவர், டாங்கிக்கு அடியில் நான் கட்டியிருந்த குடையில் வந்து நின்றார். அதன் கம்பி ஒயரின் ரப்பரை அறுத்திருந்தது; உள்ளே இருந்த செம்பு வண்டியின் சட்டத்தில் பட்டு நெருப்புப்பொறி வீணாகிக்கொண்டிருந்தது.

"குடையக் கட்ட வேற எடம் கெடைக்கலியா சார்? இவ்ளோ படிச்சு இன்னா பிரயோஜனம்?"

மேலதிகாரியின் டவாலி சேவகன் சிரித்தான். சவரிமுத்து வேறு ஒயர் மாட்டினார். இப்போது இரண்டு குழாய்களும் சுறீரென்றன.

"ஓடறது இருக்கட்டும். கலப்படம்னு எழுதிக் கொடு. இலாகா வண்டியெல்லாம் உன் கொட்டகைக்குத்தானே வருது?" என்றார் மேலதிகாரி.

"இனிமே வராது போல கீது, தொர" என்று சொம்பைக் கீழே வைத்தார் சவரிமுத்து.

வரவில்லைதான்; என் வேலை மட்டும் தப்பியது. நானும் போகவில்லை. சேவகன் சிரிக்கும்படி பேசிவிட்டாரே என்ற கோபம் எனக்கு ஒரு வருஷம் இருந்தது. கடைசியில் போனபோது கொட்டகை பாதி காலியாக இருந்தது. அவர், "குடை எங்க சார்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மேலதிகாரி பதவி உயர்வோடு ஓய்வு பெற்றார். மாலை மரியாதை எல்லாம் நடந்தது. அவரை நான் மன்னிக்கவில்லை; மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

ரப்பர் அறுந்த அந்த ஒயர்த் துண்டு என் மேசைமேல் இருக்கிறது. என்னைக் கலப்படக்காரன் என்று இன்னும் முணுமுணுப்பவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். மூலையில் குடையும் இருக்கிறது. அதையும் காட்டுவேன்.