எர்மெலிந்தாவின் சூட்டுக் கஷாயம்

சோலோமா நகரத்தில் எங்கள் தையல் ஆலை வாசலில் காலை ஆறரைக்கெல்லாம் எர்மெலிந்தா இரண்டு பிளாஸ்க்கோடு நிற்பாள். ஒன்றில் காபி, ஆண்களுக்கு. மற்றதில் கற்பூரவல்லியும் பட்டையும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிய கஷாயம், எங்களுக்கு. மாதத்தில் அந்த மூன்று நாள் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தாலும் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. மருந்தறைக்குப் போக சூப்பர்வைசரிடம் சீட்டு வாங்க வேண்டும். எதற்கு என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பான், பாவி. அந்த அவமானத்துக்குக் கஷாயம் எவ்வளவோ மேல்.

"டோன்யா, இதுல ஒரு டம்ளர் சூப்பர்வைசருக்கும் குடுங்களேன். கொஞ்சம் மனசு இளகட்டும்," என்பேன். வயதில் மூத்தவளை எங்கள் பக்கம் டோன்யா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

"அவனுக்கா? இளகுறதுக்கு மொதல்ல உள்ள ஏதாச்சும் இருக்கணும்டி," என்பாள்.

அவளும் பதினாறு வருஷம் அங்கே காலர் தைத்தவள்தான். ஒருநாள் வலி தாங்காமல் மெஷின் மேலேயே சுருண்டு விழுந்தாள். வீட்டுக்கு அனுப்பினார்கள், திரும்பக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கஷாயம். பொய் சொல்லி விற்றவள் இல்லை. வயிற்றில் பிள்ளை இருக்குமோ என்று துளி சந்தேகம் வந்தாலும், கருவைக் கலைக்கும் அருவதா இலையைக் கண்ணிலேயே காட்டமாட்டாள். எத்தனையோ பெண்களுக்கு அவள் மருந்து பலித்தது. எனக்கும் பலித்தது. நம்பினோம். அதுதான் வினை.

எங்களுக்கு எந்த நோயானாலும் ஒன்று சூடு, இல்லையென்றால் குளிர்ச்சி. மாதவிலக்கு நாளில் எலுமிச்சை தின்றாலோ பச்சைத் தண்ணீரில் குளித்தாலோ பாதி ரத்தம் உள்ளேயே உறைந்துவிடும் என்பார்கள். எர்மெலிந்தா அதைச் சத்தியமாக நம்பினாள். நானும்தான்.

என் பக்கத்து வீட்டு டானெலியாவுக்குப் பத்தொன்பது வயது. ஆலையில் இஸ்திரி போடுகிறவள். ஒரு திங்கட்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எப்ப வந்துது?" என்று எர்மெலிந்தா கேட்டாள்.

"அது முடிஞ்சே பத்து நாளாச்சு, டோன்யா."

"அப்ப குளிச்சியா?"

"நாளெல்லாம் இஸ்திரிப் பொட்டி முன்னாடி வேகுறேன். குளிக்காம எப்படி இருக்கறது?"

"பச்சைத் தண்ணியில?"

டானெலியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதான். மிச்சம் உள்ளயே கட்டிக்கிச்சு. சூடு குடுத்தாத்தான் கரையும்."

அருவதா சேர்த்துக் காய்ச்சிக் கொடுத்தாள். அடிவயிற்றில் சூடான உப்பு மூட்டை வைக்கச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் கண்டது. யாராக இருந்தாலும் பயந்திருக்க வேண்டும். எர்மெலிந்தா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டாள்.

"மருந்து வேலை செய்யுது. உள்ள இருக்கிற குளிர்ச்சிய வெரட்டுது."

வலி வலப்பக்கமாக இறங்கியிருந்தது. நான் ஒரு தரம் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தேன். லீவு போட்டால் வேலை போய்விடும் என்று டானெலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன். அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புதன் சாயங்காலம் வலி சட்டென்று நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்து, பீன்ஸ் மடித்த ரொட்டி ஒன்றைத் தின்றாள். என் தலைமுடியைப் பார்த்துக் கேலி செய்தாள். அவள் அம்மா ஆதெல்மா, எர்மெலிந்தாவின் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டாள்.

வியாழக்கிழமை வயிறு பலகையாக இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தார்கள். குடல்வால் வெடித்து, சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. வெள்ளிக்கிழமை டானெலியா செத்துப்போனாள்.

வலி நின்றதே அது வெடித்ததால்தான் என்று டாக்டர் சொன்னபோது, வராந்தாவில் எர்மெலிந்தாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். முதல் நாளே வந்திருந்தால் சின்ன ஆபரேஷன்தான் என்றார். நான் ஆதெல்மாவிடம் அதைச் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு எர்மெலிந்தா வந்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆதெல்மா அவளை முன்வரிசையில் உட்காரவைத்துக் கையில் காபி கொடுத்தாள்.

"எம்பொண்ணு கடைசியா ஒரு சாயங்காலம் வலியில்லாம இருந்தா. சாப்பிட்டா, சிரிச்சா. எல்லாம் உங்க கை ராசி. கடவுள் உங்களுக்கு ஒரு கொறையும் வெக்கக்கூடாது."

எர்மெலிந்தா கோப்பையைக் கீழே வைத்தாள். வேண்டாம் என்று நான் ஜாடை காட்டினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

"ஆதெல்மா, அது எம்மருந்தால நிக்கல. உள்ள வெடிச்சதாலதான் நின்னுது. மூணு நாள் அவள ஆஸ்பத்திரிக்குப் போகவிடாம பிடிச்சு வச்சது நாந்தான். திங்கக்கிழமையே போயிருந்தா பொழைச்சிருப்பா."

ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். ஆதெல்மா கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

"எனக்குன்னு மிச்சமிருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான், டோன்யா. அதையும் எடுத்துக்கிட்டீங்களே."