சாவித்துளை இல்லாத பெட்டி

இருபத்தாறு ஆண்டுகளில் ஒன்பதாயிரம் கதவுகளுக்கு மேல் திறந்திருக்கிறார் பூட்டுக்காரர். கணக்கு அவரே சொன்னது. வங்கி லாக்கர், பள்ளிக்கூடத்து இரும்புக் கேட், கல்யாணத்தன்று மாப்பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்ட அறை எல்லாம் அதில் அடக்கம். திறக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. அதைச் செய்தவரும் அவரே.

கடை எட்டடிக்கு ஆறடி. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். மேசைமேல் சாவி வெட்டும் இயந்திரம், அதன் பக்கத்தில் போன். ஒரு சாவியை ஒருமுறை பார்த்தால் போதும், அதன் பற்கள் மனதில் பதிந்துவிடும். ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் வெட்டிக் கொடுப்பார். இப்போதெல்லாம் யாரும் சாவியைக் கொண்டுவருவதில்லை, படம்பிடித்து அனுப்புகிறார்கள். பத்து நிமிடத்துக்குள் பதில் போடாவிட்டால், போனில் தேடுபவர் கண்ணில் அடுத்த தெருப் பூட்டுக்காரரின் கடைதான் முதலில் படும். ஆகவே சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன், தலையணைக்கு அடியில் போன்.

"தூக்கத்துலகூட கட்டைவிரல் ஆடுதுங்க. எதையோ மேல தள்ளிட்டே இருக்கீங்க" என்றார் மனைவி. சொன்னவருக்கே சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

சின்ன வயதில் பூட்டுக்காரர் நன்றாகப் படம் வரைவார். ஞாயிற்றுக்கிழமை இரண்டிலிருந்து ஆறுவரை ஏரிக்கரையில் உட்கார்ந்து மரம் வரைவது, போனைத் தொடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். முதல் வாரம் மனைவி போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். பூட்டுக்காரர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாம் வாரம் மனைவி அலமாரியில் பூட்டிவைத்தார். அதற்கு இரண்டு நிமிடம்தான்.

"ஒளிச்சா எடுத்துடறீங்க, பூட்டினா திறந்துடறீங்க. உங்கள நான் என்னதான் பண்றது?"

அதில்தான் அவருக்கு ரோஷம் வந்தது. ஒரு அங்குலக் கனத் தேக்குப் பலகையில் பெட்டி செய்தார். உள்ளே ஒரு பழைய அலாரம் கடிகாரத்தைப் பொருத்தினார். ஆறு மணி ஆனால் கடிகாரம் தாழை இழுத்துவிடும், மூடி திறந்துகொள்ளும். அதுவரை யாராலும் முடியாது. பெட்டிக்குச் சாவித்துளையே கிடையாது. எந்தப் பூட்டு செய்தாலும் செய்தவனுக்கென்று ஒரு ரகசிய வழி விடுவது அவர் வழக்கம். இதற்கு விடவில்லை. விட்டால் அதில் முதலில் விரலை விடுபவர் தானே என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். இரும்பில் செய்திருந்தால் சிக்னல் போகாது. அதனால்தான் மரத்தில் செய்தார். யார் யார் கூப்பிட்டார்கள் என்று ஆறு மணிக்காவது பார்க்க வேண்டாமா?

அந்த ஞாயிறு இருவர் போனும் உள்ளே போயின. கருவிப் பையையும் வீட்டிலேயே விட்டுவிட மனைவி சொன்னார். பெட்டியை மட்டும் பூட்டுக்காரர் கையோடு ஏரிக்கரைக்கு எடுத்துவந்தார். நீருக்குள் சாய்ந்து நின்ற மரத்தின் பட்டையில் ஒவ்வொரு வெடிப்பும் சாவியின் பல்லைப் போலத் துல்லியமாகத் தாளில் இறங்கியது. "அட, கை மறக்கல" என்றார் மனைவி.

மூன்றே முக்காலுக்குப் பெட்டிக்குள் சைக்கிள் மணி அடித்தது. தங்கச்சிக்கென்று அவர் வைத்திருந்த ஓசை.

"அப்பறம் பேசிக்கலாம், வரைங்க."

நின்றது. மறுபடி அடித்தது. ஆறாவது முறை பென்சில் கீழே விழுந்தது.

தங்கச்சி மகளுக்கு இரண்டரை வயது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளை இழுத்துவிடுவது அவளுக்கு விளையாட்டு. அதைத் திரும்பத் திறக்கத் தெரியாது. இரண்டு முறை பூட்டுக்காரர்தான் ஓடிப்போய்த் திறந்தார். வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் மாட்டித் தருவதாகச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. நேரம் எங்கே இருந்தது?

"குட்டி உள்ள மாட்டிக்கிட்டா" என்றார்.

பெட்டியைப் புரட்டினார், உலுக்கினார், மூடியின் விளிம்பில் நகத்தை ஓட்டினார். மயிரிழை இடைவெளிகூட இல்லை. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவரிடம் கத்தி வாங்கி நெம்பினார். கத்தி முனை உடைந்தது.

"அண்ணே, போன்தான வேணும்? என்னோடதுல பேசுங்க" என்றார் தூண்டில்காரர்.

பூட்டுக்காரர் வாங்கினார். திரையைப் பார்த்தார். தங்கச்சியின் எண் தெரியவில்லை. தெரு முழுக்க உள்ள சாவிகளின் பற்கள் தெரிந்தன, எண் தெரியவில்லை. விரல்கள் தாமாகவே எதையோ அழுத்தின. பெட்டி அலறியது. அவருக்கு மனப்பாடமாக இருந்தது அவர் எண் ஒன்றுதான்.

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"என் நம்பரே உங்க போன்லதாங்க இருக்கு."

தூண்டில்காரர் சிரிக்கப் பார்த்து, இருவர் முகத்தையும் கண்டு அடக்கிக்கொண்டார்.

பேருந்தில் நாற்பது நிமிடம். பெட்டி மடியில். சைக்கிள் மணி நிற்பதும் அடிப்பதுமாக வந்தது. "சார், போன் அடிக்குது, எடுங்களேன்" என்றார் முன்னால் இருந்தவர். பாதி வழியில் மணி நின்றே போனது. அதுதான் இன்னும் மோசம். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தங்கச்சி வீட்டுக் கூடத்தில் குளியலறைக் கதவு கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. தரையெல்லாம் தண்ணீர். அடுத்த தெருப் பூட்டுக்காரர் கருவிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். குட்டி தாயின் தோளில் தூங்கினாள். தூக்கத்திலும் தேம்பல் வந்தது, சத்தம் வரவில்லை. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

"உள்ள குழாயத் திறந்துவிட்டுட்டா. தண்ணி கொட்டற சத்தம், இவ கத்தற சத்தம். திடீர்னு இவ சத்தம் நின்னுடுச்சு" என்றாள் தங்கச்சி. "இருபத்திரண்டு தடவ கூப்ட்டேன்ணா."

"போன் பெட்டிக்குள்ள இருந்துச்சும்மா."

"அப்ப திறக்க வேண்டியதுதான? ஊர்ப் பூட்டெல்லாம் திறக்கறவன் நீதான?"

அடுத்த தெருக்காரர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துவாரம் எங்க?"

"இல்ல."

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார் அவர். கிண்டல் இல்லை, தொழில் தெரிந்தவரின் பாராட்டு.

ஆறு மணிக்குத் தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் பெட்டி 'க்ளக்' என்று தானாகத் திறந்தது. யாரும் அதன் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை காலை பூட்டுக்காரர் கடையைப் பதினோரு மணிக்கே சாத்திவிட்டு, தங்கச்சி வீட்டில் புதுத் தாழ்ப்பாள் மாட்டினார். மாட்டி முடிப்பதற்குள் போன் ஒன்பது முறை அடித்தது. ஒன்பது முறையும் எடுத்தார். இப்போது கடைக்கு ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை இல்லை.